பாட்டிலில் குரங்கு என்று எழுதியிருந்தது

1

நானும் மனைவியும் மகளும் போர்ட் லூயி துறைமுகத்தில் வந்து இறங்கி இந்த மாதத்தோடு ஐந்து வருஷம் ஆகிறது. அதைச் சாக்காக வைத்து மொரீஷியஸைப் பற்றி நாலு வார்த்தை எழுதி அனுப்பலாம் என்றிருந்தேன். கடல், கரும்பு, காவடி என்று எழுத எவ்வளவோ உண்டு. சுதந்திரம் வேறு வாசலில் நிற்கிறது. அது நல்லதா கெட்டதா என்று பஸ்ஸில் தினமும் சண்டை. ஆனால் பேனாவை எடுத்தால் கை வேறொன்றைத்தான் எழுதப் பார்க்கிறது. இரண்டு மாதமாக நான் அதிர்ச்சி நீங்காத மனுஷனாக நடமாடிக்கொண்டிருக்கிறேன். சோற்றில் கை வைத்தாலும் அதே நினைப்பு, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாலும் அதே நினைப்பு.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்க்கும் சர்க்கார் பரிசோதனைக்கூடத்தில் குரங்கின் செல் என்று ஒன்றை மூன்று வருஷமாக வளர்த்து வந்தோம். அது குரங்கின் செல் இல்லை. மனிதச் செல்.

அவ்வளவுதானா என்று கேட்பீர்கள். என் மனைவி கோமதியும் முதலில் அப்படித்தான் கேட்டாள்.

2

இந்தத் தீவில் அடிக்கடி குழந்தைகளுக்குக் காய்ச்சல் வந்து கால் விழுந்துவிடும். எந்தக் கிருமியால் வந்தது என்று கண்டுபிடிக்க வேண்டுமானால் அந்தக் கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டும். அது சோற்றிலும் வளராது, சர்க்கரையிலும் வளராது. உயிருள்ள செல்லுக்குள்தான் வளரும். அதற்காகக் குரங்கின் சிறுநீரகத்தை அரிந்து, செல்களைப் பிரித்து, பாட்டிலில் சத்துநீர் ஊற்றி, உடம்புச் சூட்டில் வைப்போம். செல்கள் பாட்டிலின் அடியில் ஒட்டிக்கொண்டு பெருகும். நிறைந்ததும் பிரித்து வேறு பாட்டிலுக்கு மாற்றுவோம். பெரும்பாலும் சில தடவை மாற்றியதும் களைத்துச் செத்துப்போகும். எப்போதாவது ஒரு வம்சம் மட்டும் சாகாமல் ஓடும். அப்படி ஒன்று கிடைத்தால் பரிசோதனைக்கூடத்துக்குக் குலதெய்வம் கிடைத்த மாதிரி.

எங்களுக்குக் கிடைத்தது. பாம்பூ என்ற ஊர்ப் பக்கத்துக் கரும்புத் தோட்டத்தில் பிடித்த குரங்கு. எங்கள் பெரிய டாக்டர் இங்கிலாந்துக்காரர். விடுப்பு முடிந்து ஊரிலிருந்து திரும்பிய வாரத்தில் அவரே தம் கையால் அந்த முதல் பாட்டிலைத் தொடங்கினார். அதே வாரத்தில் இன்னொன்றையும் தொடங்கினார். அயல்நாட்டில் என்றோ புற்றுநோயால் இறந்துபோன ஒரு பெண்ணின் கட்டியிலிருந்து எடுத்த செல் அது. உலகத்துப் பரிசோதனைக்கூடங்களில் எல்லாம் சாகாமல் வளர்கிறது. சில மாதம் கழித்து இரண்டு வம்சத்தையும் சோலாஞ்சிடம் ஒப்படைத்தார்.

சோலாஞ்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாம்பூக்காரி. அப்பா கரும்பு வெட்டுகிறவர். வீட்டில் கத்தோலிக்கர்கள், குடும்பப் பெயர் மட்டும் நம்முடையது, அதையும் அவள் சொல்லும்போது கடைசியில் மூக்கால் முடிகிறது. நான் வந்த புதிதில் கோயிலில் ஒருவர் பக்திப் பாட்டை உருகி உருகிப் பாடக் கேட்டு, ஓடிப்போய்த் தமிழில் ஊர் எது என்று விசாரித்தேன். அவர் சிரித்துவிட்டு, இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் பதில் சொன்னார். பாட்டின் ஒரு வார்த்தைக்கும் அவருக்கு அர்த்தம் தெரியாது. அன்றைக்கு வாயடைத்து நின்ற எனக்கு கிரியோல் கற்றுக்கொடுத்தது சோலாஞ்சுதான். என்னை ஐயா என்ற அர்த்தத்தில் 'முசே' என்பாள், கோமதியை 'அக்கா' என்பாள்.

அவளுடைய கைக்கு ஈடான கை எங்கள் கூடத்தில் கிடையாது. அந்தக் குரங்குச் செல்லில் தீவின் காய்ச்சல் கிருமியை வளர்த்துக் காட்டி, காட்டுக் குரங்குகளுக்கும் இது தொற்றக்கூடும் என்று ஒரு கட்டுரை எழுதினாள். அதைப் பார்த்துத்தான் லண்டனில் மூன்று வருஷம் படிக்க அவள் பெயரை உபகாரச் சம்பளத்துக்குப் பெரிய டாக்டர் சிபாரிசு செய்தார். கமிட்டி கூடி ஒரு கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. அவளுடைய அப்பா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அம்மா கம்பளிச் சட்டை பின்னத் தொடங்கிவிட்டாள்.

3

ரோஸ் ஹில்லில் என் மகள் மல்லிகா படிக்கும் பள்ளியிலிருந்து பெண்கள் எங்கள் கூடத்தைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. வருகிற பிள்ளைகளுக்குப் பாட்டிலைக் காட்டினால் கொட்டாவி விடுவார்கள். செல்லுக்குள் இருக்கும் குரோமோசோமைக் காட்டலாம் என்று எனக்கு ஆசை. குரங்கு ஜாதிக்கு இத்தனை, மனிதனுக்கு இத்தனை என்று கணக்கு உண்டு. இந்தக் குரங்குக்கு நாற்பத்திரண்டு. மனிதனுக்கு நாற்பத்தாறு. செல்லைத் தண்ணீரில் உப்ப வைத்து, கண்ணாடித் தகட்டில் நசுக்கி, சாயம் போட்டால் உருப்பெருக்கியில் தெரியும். நாங்கள் அதுவரை செய்து பார்த்ததே இல்லை. குரங்கிலிருந்து எடுத்த செல் குரங்குச் செல்தானே, அதை எதற்கு எண்ணிக்கொண்டு?

முதல் செல்லில் எண்ணினேன். நாற்பத்திரண்டைத் தாண்டி ஐம்பதும் தாண்டி அறுபதும் தாண்டியது. கண் பிசகிவிட்டது என்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினேன். சோலாஞ்சைக் கூப்பிட்டேன். அவள் பிரெஞ்சில் முணுமுணுத்துக்கொண்டே எண்ணினாள். எனக்குப் பிரெஞ்சு எண்கள் அறுபதுக்கு மேல் குழம்பிவிடும். ஆனால் அறுபதைத் தாண்டிவிட்டாள் என்பது மட்டும் புரிந்தது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அவள் எழுந்துபோய் மனிதச் செல் பாட்டிலிலிருந்து எடுத்து இன்னொரு கண்ணாடித் தகடு தயார் செய்தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒரே கூட்டம், ஒரே கோணல். புற்றுநோய்ச் செல் ஆகையால் மனிதக் கணக்குக்கும் அடங்காமல் பெருத்துக் கிடந்தது.

அப்படியும் மனம் ஒப்பவில்லை. மனிதச் செல்லை மட்டும் அடையாளம் கண்டு திரள வைக்கும் சீரம் ஒன்று உண்டு, முயலின் ரத்தத்திலிருந்து எடுப்பது. அதைப் போட்டுப் பார்த்தோம். 'குரங்கு' என்று எழுதிய ஒவ்வொரு பாட்டிலிலும் திரண்டது.

மூன்று வருஷமாகச் சோலாஞ்ச் குரங்கைப் பற்றி எழுதியதெல்லாம் முகம் தெரியாத ஒரு மனுஷியைப் பற்றி எழுதியது. பள்ளிப் பெண்கள் வந்தார்கள். நான் அவர்களுக்கு வெங்காயத் தோலைக் காட்டி அனுப்பினேன்.

4

எப்படி நடந்தது? எனக்கும் சோலாஞ்சுக்கும் ஒரே சமயத்தில் ஒரே நாள் ஞாபகம் வந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு புயல். மின்சாரம் போய், செல்களை உடம்புச் சூட்டில் வைக்கும் பெட்டி ஆறிவிட்டது. இங்கே புயல் எச்சரிக்கை வந்தால் ஆளுக்குக் கொஞ்சம் பாட்டிலைக் கம்பளியில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போவது எங்கள் வழக்கம். வக்குவாவில் என் வீட்டு அடுப்படிதான் கூடத்துக்குக் கிட்டத்தில் இருந்தது. சோலாஞ்சும் எங்களோடு தங்கினாள். கரி அடுப்புக்குப் பக்கத்தில், இட்லி மாவுப் பாத்திரத்துக்கு அண்டையில், குரங்கும் மனுஷியும் இருந்தார்கள். புயல் ஓய்ந்தபோது மனிதச் செல் திடமாக இருந்தது. குரங்குச் செல் நலிந்து அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தது. சத்துநீர் ஏற்றி வர வேண்டிய கப்பலும் வரவில்லை.

கோமதி பாலுக்கு உறை ஊற்றிக்கொண்டிருந்தாள். "நல்லா இருக்கிற பாட்டில்லேர்ந்து கொஞ்சம் எடுத்து இதுக்கும் உறை ஊத்திப் பாருங்களேன்" என்றாள். சிரித்தோம். பிறகு சிரிப்பை நிறுத்தினோம். பெருகி வளர்ந்த செல் இருந்த நீரில் தெம்பு உண்டு, நலிந்த செல்லுக்கு அதைக் கொடுத்தால் பிழைக்கும் என்பது எங்கள் தொழிலிலும் உள்ளதுதான். சோலாஞ்ச் மேலாக நீரை எடுத்துக் கொடுத்தாள். மேலாக எடுத்தாலும் அதில் ஒன்றிரண்டு செல் மிதக்காமல் இருக்குமா? அடுத்த வாரமே குரங்கு பாட்டில் அடி தெரியாமல் நிறைந்துவிட்டது. கூடத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். கோமதிக்கு நான் பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்தேன்.

இப்போது இதைச் சொன்னதும் கோமதி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான் சொன்னதாலயா? அந்தப் பொண்ணு படிப்பு என் வாயாலயா போகணும்?" என்று கேட்டாள். பிறகு, அந்தச் செத்துப்போன பெண்ணுக்குப் பிள்ளைகள் இருந்தார்களா என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. எங்கள் கூடத்தில் யாருக்கும் தெரியாது. அடுப்படியில் ஒரு ராத்திரி இருந்தவள் ஆயிற்றே என்று அவளுக்காக ஒரு விளக்கு ஏற்றி வைத்தாள். நான் தடுக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதராஸிலிருந்து வந்து இங்கே தமிழ் வாத்தியாராக இருக்கும் நண்பர் வீட்டுக்கு வந்தார். கேட்டுவிட்டு ஓவென்று சிரித்தார். இந்த ஊர்த் தமிழன் கதையும் இதுதானே, பாட்டிலில் தமிழ் என்று எழுதியிருக்கிறது, உள்ளே வேறு என்னமோ இருக்கிறது என்றார். பாட்டிலுக்குள் இரண்டும் கலப்பதில்லை, வேகமாகப் பெருகுவது மற்றதைப் பட்டினி போட்டுத் தீர்த்துவிடும், மனிதர்கள் அப்படியா என்று வாதாடிப் பார்த்தேன். பிறகு கோயிலில் பாடியவர் நினைவுக்கு வந்தார்.

மல்லிகாவுக்கு இப்போது பதினைந்து. தமிழ் வகுப்புக்குப் போகமாட்டேன் என்று ஒரு வருஷமாக அடம். அம்மாவிடமும் கிரியோலில்தான் பேசுகிறாள். அம்மா தமிழில் திட்டுகிறாள். எப்படியோ குடித்தனம் நடக்கிறது. மூலையில் புத்தகம் படித்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கினாள். "செல்லுக்கு வாய் இல்ல அங்கிள். எனக்கு இருக்கு. நான் யாருன்னு என்னைக் கேளுங்க, நான் சொல்றேன்" என்றாள். அதுவும் தமிழில். நண்பர் காபியைக் குடித்துவிட்டுப் புறப்பட்டார்.

5

பெரிய டாக்டரிடம் சொன்னோம். அவர் நல்ல மனுஷர், அதை மறுக்கமாட்டேன். என் வேலை ஒப்பந்தம் ஒவ்வொரு தடவை முடியும்போதும் எந்த மேஜைக்குப் போய் யாரிடம் பல்லைக் காட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து, அலுவலகம் அலுவலகமாக என்னை அழைத்துப் போனவர் அவர்தான். நாங்கள் சொன்னதைக் கேட்டு வெளுத்துப் போனார். புயல் கதையைக் கேட்டதும் முகத்தில் ரத்தம் திரும்பியது.

அப்படியானால் இது சோலாஞ்சின் கவனக்குறைவு என்றார். திட்டவில்லை. வருத்தத்தோடு சொன்னார். இப்போது வெளியே சொன்னால் உபகாரச் சம்பளம் போய்விடும். அவள் லண்டன் போய்ச் சேரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம், சுதந்திர சமயத்தில் புது மந்திரிகள் கூடத்தை என்ன செய்வார்களோ, இந்த நேரத்தில் எதற்கு என்றார். அவள் மேல் பழி, அவள் மேலேயே கருணை. இரண்டையும் ஒரே மூச்சில் எப்படிச் சொன்னார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

சோலாஞ்ச் எழுந்து, செல்களை உறைய வைக்கும் உலர்பனிப் பெட்டியைத் திறந்து அடியில் துழாவினாள். வம்சம் தொடங்கிய மாதத்திலேயே கொஞ்சம் செல்லை உறைய வைத்து, கண்ணாடிக் குப்பியில் போட்டு வாயை உருக்கி மூடி வைத்திருந்தார் டாக்டர். அதன் மேல் அவருடைய கையெழுத்து. புயலுக்கு முந்தியது. சோலாஞ்சின் கைக்கு வம்சம் வருவதற்கும் முந்தியது. அதில் குரங்கு இருந்தால், புயலுக்கு முன்னால் செய்த பாதி வேலையாவது தேறும். இருந்த ஒரே குப்பி அதுதான்.

வேறு அறையில், வேறு பாத்திரத்தில், புதிதாகக் காய்ச்சிய சத்துநீரில் அதை வளர்த்தோம். கோமதி தினமும் என்னிடம் வாசலிலேயே விசாரிப்பாள். பெருகியதும் டாக்டர், நான், சோலாஞ்ச் மூன்று பேரும் தனித்தனியாக எண்ணினோம்.

அதுவும் மனுஷிதான்.

உறையும் இல்லை, புயலும் இல்லை. முதல் மாதத்திலேயே, டாக்டர் ஒரே வாரத்தில் ஒரே மேஜையில் இரண்டையும் தொடங்கியபோதே, ஒரே குழாயோ ஒரே சத்துநீர்ப் பாட்டிலோ இரண்டுக்கும் புழங்கியிருக்க வேண்டும். குரங்கு என்ற ஒன்று எங்கள் பாட்டிலில் இருந்ததோ என்னவோ, சோலாஞ்ச் ஒரு நாளும் அதைப் பார்த்ததே இல்லை. அவள் கைக்கு வந்ததே அந்தப் பெண்தான்.

டாக்டர் நெடுநேரம் உருப்பெருக்கியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு, குப்பியைத் திறந்தது இதே கட்டடத்தில்தானே, திறந்த பிறகு கலந்திருக்கலாம், யாரால் நிச்சயமாகச் சொல்ல முடியும் என்றார். பாவி மனுஷர், அதுவும் உண்மைதான். சோதிக்க இன்னொரு குப்பி இல்லை. எங்கள் குற்றம் எது என்றுகூட எங்களால் இனிமேல் நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆரம்பத்திலேயே இரண்டு குப்பி வைத்திருந்தால், வந்த அன்றே எண்ணிப் பார்த்திருந்தால், ஒரு நாள் ஒரு வம்சத்தை மட்டும் தொட்டிருந்தால் என்று இப்போது வாய் ஓயாமல் பேசுகிறோம்.

6

கமிட்டி கூடிய அன்று போர்ட் லூயியில் வெயில் மண்டையைப் பிளந்தது. நான் துணைக்குப் போயிருந்தேன். பஸ்ஸில் அவளிடம் ஜாடையாகச் சொன்னேன்: பேசாமல் இருந்துவிடு அம்மா, போய்ப் படித்துவிட்டு வா, பிறகு நீயே திருத்தி எழுது. அவள் ஜன்னலுக்கு வெளியே கரும்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை வெட்டித்தான் அவளுடைய அப்பா அவளைப் படிக்க வைத்தார்.

உள்ளே போனவள் சீக்கிரமே வெளியே வந்தாள். படிக்கட்டில் உட்கார்ந்து காலணியைக் கழற்றிவிட்டு நடந்ததைச் சொன்னாள். என் கட்டுரை தப்பு, அது குரங்கு இல்லை என்றாளாம். கமிட்டியில் ஒரு சலசலப்பு. யார் செய்த தப்பு என்று கேட்டார்கள். டாக்டர் அங்கேயே, மேஜைக்கு அந்தப் பக்கம், உட்கார்ந்திருந்தார். குப்பியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் போதும். "மோ பா கொனே" என்றாளாம். எனக்குத் தெரியாது என்று. தெரியாததைத் தெரியும் என்று எழுதித்தானே இந்த வினை, இன்னொரு தடவை எப்படிச் செய்வேன் என்று என்னிடம் கேட்டாள்.

இந்த வருஷம் இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வேறொரு பையன் போகிறான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து மெதுவாகச் சொன்னாள்: "மோ ஃபின் தீர் ஸோத். ஊ?"

நான் அவர்களிடம் சொல்லிவிட்டேன், நீங்கள்? என்பது அதன் அர்த்தம்.

எதைக் கேட்கிறாள் என்று எனக்குச் சட்டென்று புரிந்தது. நம்முடைய பழக்கம் உங்களுக்குத் தெரியும். ஊருக்குப் போகிறவர் யாராவது அகப்பட்டால் கையில் எதையாவது கொடுத்தனுப்பாமல் விடமாட்டோம். வெனிலா, சர்க்கரை, தேயிலை. போன வருஷம் மதராஸ் போன ஒருவர் சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் இருக்கட்டும் என்று, எங்கள் குரங்குச் செல் பாட்டில்களையும் வைத்து அனுப்பினேன். பெருமைதான் காரணம். அங்கே பழைய சகாக்கள் வாங்கி வளர்த்து, கேட்டவர்களுக்கெல்லாம் பங்கு போட்டுக் கொடுத்ததாகக் கேள்வி. யாருக்கு என்று எழுதி வைக்கவில்லை. அவர்கள் யாருக்குக் கொடுத்தார்களோ, அது எனக்குத் தெரியாது.

7

கூடத்தில் 'குரங்கு' என்று எழுதிய எல்லாப் பாட்டிலையும் கொதிக்க வைத்துக் கொட்டினோம். பாம்பூவிலிருந்து புதிதாக ஒரு குரங்கு வந்திருக்கிறது. சோலாஞ்ச் மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்கிறாள். மனிதச் செல்லைத் தொட்ட நாளில் அவள் குரங்கு அறைக்குள் காலடி வைப்பதில்லை, என்னையும் விடுவதில்லை. டாக்டர் இங்கிலாந்துக்குத் திரும்பக் கப்பலுக்குச் சீட்டு வாங்கிவிட்டார். என் ஒப்பந்தத்தைப் புது சர்க்கார் நீட்டுமோ நீட்டாதோ.

ஐந்து வருஷ அனுபவத்தை எழுதுவதாகச் சொல்லிவிட்டு இதையெல்லாம் எழுதிக்கொண்டிருப்பது ஏன் என்று இப்போது தெரிந்திருக்கும். கடிதம் போட எனக்கு விலாசங்கள் தெரியாது. பத்திரிகையில் எழுதினால் யார் கண்ணிலாவது படும். உங்கள் ஊர்ப் பரிசோதனைக்கூடத்தில் பிள்ளையோ மருமகனோ வேலையில் இருந்தால் இதைக் காட்டுங்கள். 'மொரீஷியஸ் குரங்கு' என்று எழுதிய பாட்டில் அங்கே இருந்தால், அது குரங்கு இல்லை. அதை வைத்து ஏதாவது எழுதியிருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். வேறு யாருக்காவது கொடுத்திருந்தால் அவர்களுக்கும் சொல்லச் சொல்லுங்கள்.

யார் கொடுத்தது என்று கேட்பார்கள். என் பெயர் இந்தக் கட்டுரையின் கீழே இருக்கிறது, அதைச் சொல்லுங்கள். சோலாஞ்சின் பெயரைச் சொல்ல வேண்டாம். அவள் தன் பங்கைச் சொல்லிவிட்டாள்.